தண்ணீர் போன வழியே: ஒரு வெளிவகுப்பு வாரம்

திங்கள்: பள்ளிக்குப் பின்னால்

பொங்கல் லீவு முடிந்து ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த முறுக்கு தீர்வதற்குள் வெளிவகுப்பு வாரம் வந்துவிட்டது. எங்கள் பள்ளி வேலூரிலிருந்து அமிர்திக்குப் போகிற பக்கம், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டுக்கும் பொதுத்தேர்வு பயம். அதனால் வருஷா வருஷம் இந்த ஒரு வாரத்துக்கு மாட்டுவது பதினொன்றாம் வகுப்புதான். மாட்டுவது என்று சும்மா சொல்கிறேன். ஒரு வாரம் பௌதிகப் புத்தகத்தைத் தொடாமல் இருக்க யாருக்குத்தான் கசக்கும்?

இந்த வருஷக் கேள்வி ஒன்றே ஒன்று: மலையில் விழுகிற மழை எங்கே போகிறது? கூரைக்குப் பின்னால் தெரிகிற மலையில் ஆரம்பித்து, பாலாறு வரைக்கும் பார்த்துவிட்டு வந்து எழுத வேண்டும். "விக்கிபீடியாவைப் பார்த்து எழுதினால் எனக்குத் தெரியும்" என்று உயிரியல் சார் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

காலையில் ஆளுக்கொரு டின். சமையல்கூடத்தில் காலியான எண்ணெய் டின்னின் மேலும் கீழும் வெட்டி எடுத்துக் கொடுத்தார்கள். அதை மண்ணில் ரெண்டு விரற்கடை இறக்கி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் உள்ளே போகிறது என்று பார்க்க வேண்டும். சமையலறைக்குப் பக்கத்திலுள்ள புங்க மரத்தடியில் ஊற்றிய தண்ணீர், ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டு நிமிர்வதற்குள் காணோம். பிறகு கால்பந்து மைதானத்துக்குப் போனோம். அங்கே ஊற்றியது அப்படியே நின்றது. குடியாத்தத்துக்காரன் டின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முழு ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தின்று முடித்தான், தண்ணீர் பாதிகூட இறங்கவில்லை. (எங்கள் ஹாஸ்டலில் பெயரைவிட ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். நான் ஆம்பூர்.) ஒரே மண், ஒரே வளாகம். ஒன்றில் மரத்தின் வேரும் மண்புழுவும் இலைச் சருகும் ஓட்டை போட்டு வைத்திருக்கின்றன. இன்னொன்றில் முப்பது வருஷமாகப் பிள்ளைகள் மிதித்து இறுக்கியிருக்கிறார்கள். மழை பெய்தால் எங்கள் மைதானம் குளமாவதற்குக் காரணம் மேஸ்திரி அல்ல, நாங்கள்.

அடுத்தது சதுரக் கயிறு. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருக்கிற அத்தனையையும் எழுத வேண்டும். எனக்குக் கிடைத்த இடம் வேலியோரம். ஒரு ஆவாரஞ்செடி, பெயர் தெரியாத மூன்று வகைப் புல், ஆட்டுப் புழுக்கை, பிஸ்கட் உறை. அப்புறம் ஆவாரையின் நிழல் படாத மணலில் சின்னச் சின்னக் குழிகள். குனிந்து பார்த்தால் குழியானை.

சின்ன வயதில் இதைத் தோண்டி உள்ளங்கையில் விட்டு விளையாடியிருக்கிறேன். ஆனால் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டு பார்த்தது இல்லை. ஒரு கட்டெறும்பு விளிம்பில் கால் வைத்தது. மணல் சரிந்தது. அது மேலே ஏறப் பார்த்தது. குழியின் அடியிலிருந்து, ஆளே தெரியாமல், ஒரு பிடி மணல் மேலே எறியப்பட்டது, எறும்பின் மேலேயே. மறுபடியும் ஏறியது, மறுபடியும் மணல். மூன்றாவது தடவை எறும்பு அடிக்கே போய்விட்டது. ரெண்டு கொடுக்கு வெளியே வந்து ஒரு நொடி தெரிந்து மறைந்தது. அவ்வளவுதான், குழி பழையபடி ஆகிவிட்டது. இந்த மணலெறிகிற புழுதான் பிற்பாடு கூடு கட்டி, தும்பி மாதிரி நீளச் சிறகோடு வெளியே வரும் என்று சார் சொன்னார். மணல் காய்ந்து உதிரியாக இருந்தால்தான் இந்தச் சரிவு நிற்கும். நேற்று மழை பெய்திருந்தால் எறும்பு பிழைத்திருக்கும்.

என் தாளில் "ஆவாரை: 1" என்று எழுதியதைப் பார்த்துவிட்டு சார், "ஆம்பூர்க்காரிக்கு இதோட சரித்திரம் தெரியணுமே" என்றார். தெரியாது என்றேன். "ஞாயிற்றுக்கிழமை சொல்றேன்" என்று போய்விட்டார்.

செவ்வாய்: அமிர்தி

வேலூரிலிருந்து தெற்கே 25 கிலோமீட்டர். எங்களுக்கு அவ்வளவுகூட இல்லை. இங்குள்ள சின்ன உயிரியல் பூங்காவுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். அதை விட்டுவிட்டு, வனத்துறை அனுமதிக் கடிதத்தோடு, காட்டுக்காவலர் அண்ணா முன்னே நடக்க, ஓடையைப் பிடித்து மேலே ஏறினோம்.

தை மாதத்துக் காடு பாதி மொட்டை. இது இலையுதிர் காடு. மழை நின்றதும் மரங்கள் ஒவ்வொன்றாக இலையைக் கழற்ற ஆரம்பிக்கும். காலுக்கடியில் சருகு நொறுங்குகிற சத்தத்தில் ஒரு பறவையும் நிற்காது. ஆனாலும் சார் எல்லாரையும் கையைக் காட்டி நிறுத்திய ஒரு இடத்தில், புதருக்குள்ளிருந்து ரெண்டு சுரமாக ஒரு விசில். ஆறுமணிக்குருவி. குளிர்காலத்தை இங்கே கழித்துவிட்டு கோடையில் வடக்கே போய்விடும் பறவை. நான் பார்த்தது ஒரு பச்சை முதுகையும் குட்டை வாலையும் மட்டும்தான். ஆற்காட்டுக்காரி முழுசாகப் பார்த்தேன் என்று சத்தியம் செய்கிறாள்.

சந்தன மரம் ஒன்றைக் காட்டினார்கள். ஜவ்வாது என்றாலே சந்தனம்தானே, பெரிதாக எதிர்பார்த்துப் போனால் தொடை தடிமன்கூட இல்லாத சாதாரண மரம், வாசனையும் இல்லை. வாசனையெல்லாம் உள்ளே வைரம் பாய்ந்த கட்டையில். வெளியே தெரியாத இன்னொரு விஷயமும் உண்டு: சந்தனம் அரை ஒட்டுண்ணி. இலையில் தானே சமைத்துக்கொள்ளும், ஆனால் தண்ணீரும் உப்புச் சத்துகளும் எடுக்கப் பக்கத்து மரங்களின் வேரில் தன் வேரை ஒட்டி உறிஞ்சும். தனியாக நட்டால் சரியாக வளராது. "ஹாஸ்டல்ல பக்கத்துப் படுக்கைக்காரன் சோப்புல குளிக்கிறவன் மாதிரி" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. யார் என்று சொல்லமாட்டேன், சோப்பு என்னுடையது அல்ல.

ஓடையில் தண்ணீர் இருந்தது. அதைத்தான் அளக்க வந்திருக்கிறோம். பத்து மீட்டர் தூரம் குறித்துக்கொண்டு, மேல்முனையில் ஒரு ஆரஞ்சை விட்டால் அது கீழ்முனைக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. ஆரஞ்சு ஏனென்றால் அது பாதி முழுகி மிதக்கும், காற்று தள்ளாது. நாற்பது நொடி. அகலம் ரெண்டு மீட்டர், ஆழம் சராசரி ஒரு சாண் இருக்காது, பதினைந்து சென்டிமீட்டர். மேலே ஓடுகிற வேகம் அடியில் இருக்காது என்பதால் 0.85 ஆல் பெருக்க வேண்டும். கணக்குப் போட்டால் நொடிக்கு 64 லிட்டர் வருகிறது. ஹாஸ்டலுக்குக் கோடையில் வருகிற 12,000 லிட்டர் டேங்கர் லாரி மூன்று நிமிஷத்துக்குச் சற்றுமேல் நிரம்பிவிடும். கணுக்கால் நனைகிற ஓடை இது. அந்த லாரிக்காக நாங்கள் வாளியோடு வரிசையில் நின்ற நேரமெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

தண்ணீருக்குள் கல்லைப் புரட்டிப் பார்த்தோம். அடியில் மணல் துகள்களை ஒட்டிச் சின்னக் குழாய் கட்டி அதற்குள் குடியிருக்கிற புழு. காடிஸ் பூச்சியின் குஞ்சாம். இது மாதிரிப் பூச்சிகள் அழுக்குத் தண்ணீரில் தங்காது என்பதால், மீட்டர் இல்லாமலே தண்ணீரைப் பற்றி ஒரு மதிப்பு கிடைக்கிறது. கல்லைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். இதில் சார் ரொம்பக் கண்டிப்பு.

புதன்

எங்கும் போகவில்லை. போகிற வழியிலுள்ள ஊரில் எருது விடும் விழா, ரோட்டை அடைத்துவிட்டார்கள். ரெண்டு பக்கமும் சவுக்குக் கட்டை கட்டி, நடுவில் ஒவ்வொரு மாடாக விட்டு, எது குறைந்த நொடியில் எல்லைக்கோட்டைத் தாண்டுகிறதோ அதற்குப் பரிசு. தை பிறந்தால் எங்கள் ஜில்லாவில் இதுதான். பஸ்ஸிலிருந்து இறங்கக் கூடாது என்று உத்தரவு. ஜன்னலிலிருந்து மாட்டின் கொம்பில் கட்டிய பலூன் மட்டும் தெரிந்தது. சார் மட்டும் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், "ரோடு எப்போ திறப்பாங்கன்னு விசாரிக்க". விசாரணை ரொம்ப நேரம் நடந்தது.

வியாழன்: நாகநதி

அமிர்திப் பக்கத்திலிருந்து இறங்குகிற தண்ணீர் நாகநதியாகிக் கண்ணமங்கலம் வழியாக ஆரணிப் பக்கம் போகிறது. பிறகு செய்யாறு. அப்புறம் திருமுக்கூடலில் பாலாறு. மேப்பில் விரலை வைத்தால் நேர்கோடு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அடிவாரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் ஆறு காணாமல் போய்விடுகிறது. செவ்வாய்க்கிழமை நொடிக்கு 64 லிட்டர் அளந்தோமே, அது எங்கே? மணலும் கருவேல முள்ளும்தான் இருக்கிறது.

ஆற்றுக்குள்ளேயே ஒரு கிணறு. தரைமட்டத்துக்குச் சிமெண்ட் உறை இறக்கி, உள்ளே கல் நிரப்பியிருக்கிறார்கள். கொஞ்சம் மேலே, ஆற்றுக்குக் குறுக்காகக் கல்லை அடுக்கிய தடுப்பு. நூறு நாள் வேலைப் பெண்கள் கட்டியது. இந்த நதியில் இதுபோல நிறைய கட்டியிருக்கிறார்கள். வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பெண்கள் ஆயிரக்கணக்கில் இந்த வேலையில் இருந்தார்கள். அவர்களில் ஒரு ஆயா வெற்றிலை மென்றுகொண்டே எங்களுக்கு வகுப்பெடுத்தார்.

"மலைலேந்து தண்ணி இன்னா வேகமா வரும் தெரியுமா கண்ணு? வந்த சுருக்கு தெரியாது, போன சுருக்கு தெரியாது. நாம கல்லப் போட்டோம்னா அது நிக்காது, ஆனா நடக்கும். ஓடற தண்ணிய நடக்க வெச்சா, பூமி குடிச்சிக்கும்."

"அப்புறம் எதுக்கு ஆயா கிணறு?" என்று ஆற்காட்டுக்காரி கேட்டாள்.

"மேல களிமண்ணு உக்காந்துக்கினு உள்ள உடமாட்டேங்குது இல்ல? அதத் தாண்டி எறக்கி உடறதுக்கு."

எங்கள் புவியியல் மிஸ் இதையே போர்டில் படம் போட்டு விளக்கியிருக்கிறார். எங்கள் பக்கம் அடியில் இருப்பது சார்னகைட், நைஸ் என்னும் கடினப் பாறை. அது தண்ணீரை உறிஞ்சாது. மேலே சிதைந்த பகுதியிலும் பாறையின் வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்கும். அந்த வெடிப்பு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. திங்கட்கிழமை டின்னில் பார்த்ததும் இதுவேதான். மிஸ் படத்துக்கு ஐந்து மதிப்பெண் உண்டு. ஆயாவுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் நான் அதற்குமேல் கொடுப்பேன்.

"உங்க கிணத்துல ஏறிச்சா ஆயா?"

"எனக்கேது கிணறு? நெலம் இருந்தாத்தான கிணறு. நெலத்துக்காரன் கிணத்துல ஏறிச்சி. எனக்கு நாத்து நட வேல கெடச்சிச்சி."

இதை நோட்டில் எழுதிக்கொண்டேன். வேறு யாரும் எழுதவில்லை போலிருக்கிறது, எழுதியிருந்தால் நல்லது.

மத்தியானம் கட்டிக்கொண்டு போன சாப்பாட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு. 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்த கத்தரிக்காய். காம்பிலும் இலையிலும் முள் இருக்கும், பறிக்கிறவர்களுக்குத்தான் அருமை தெரியும். எண்ணெய் மிதக்கக் குழம்பு வைத்தால் சோறு எவ்வளவு உள்ளே போகிறது என்று கணக்கே இல்லை.

வெள்ளி

துணி துவைத்தோம். போதும்.

சனி இரவு: காவலூர்

ஏலகிரி போகிறோமா என்று ஆசை காட்டிவிட்டு, வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகக் காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப் போனார்கள். ஜவ்வாது மலையின் மேற்குப் பக்கம். தண்ணீருக்கும் தொலைநோக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்டேன். "ஒண்ணும் இல்ல. இவ்வளவு பக்கத்துல இருந்துட்டுப் பாக்காமப் போனா பாவம்" என்றார் சார். இந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

1960களின் கடைசியில் இந்த மலைக்காட்டைத் தேர்ந்தெடுத்தவர் வானியலாளர் வைணு பாப்பு. ஊர் வெளிச்சம் கிடையாது. அதோடு பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் தெற்கு வானமும் நன்றாகத் தெரியும். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, மறைவதற்கு முன்னாலேயே அந்த நட்சத்திரத்தின் ஒளி மங்கியதை இங்கிருந்தும் பதிவு செய்தார்கள். புது நிலா ஒன்று குறுக்கே வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். அது யுரேனஸின் வளையம். உள்நாட்டிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும், இந்த இடத்துக்கும் 1986 ஜனவரியில் பாப்புவின் பெயர் வைத்தார்கள்.

பெரிய தொலைநோக்கியைப் பகலில் பார்த்தோம். இரவில் பொதுமக்களுக்கென்று வைத்திருக்கிற சின்னதில் ஓரியன் நெபுலா, சாம்பல் நிறப் புகை. வரிசையில் ஆளுக்குக் கொஞ்ச நேரம்தான். எனக்கு அதைவிட வெறும் கண்ணால் பார்த்தது போதுமானதாக இருந்தது. தெற்கே தாழ்வாக அகத்திய நட்சத்திரம், தலைக்கு மேலே திருவாதிரை சிவப்பாக. வடக்குப் பக்கம் மலை விளிம்புக்கு அப்பால் வானம் கொஞ்சம் வெளிறி இருந்தது. அது வாணியம்பாடியும் ஆம்பூரும். எங்கள் வீட்டுத் தெருவிளக்கும் அதில் சேர்த்திதான்.

ஞாயிறு: பாலாறு

காலையில் கீழே இறங்கி வாணியம்பாடியில் டீ. பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் ஓடி, தமிழ்நாட்டுக்குள் 222 கிலோமீட்டர் போகிறது. ஊருக்கு ஆறு தெரிகிறதோ இல்லையோ, 1903 நவம்பர் வெள்ளம் தெரியும். மேலே மைசூர் சீமையில் ஏரிகள் உடைந்து வந்த தண்ணீர் இந்த ஊரைப் பெயர்த்துக்கொண்டு போனது. 2021 நவம்பரில் வந்த வெள்ளத்தை நானே பாட்டி வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். மீதி நாட்களில் இது மணல். அந்த மணலும் இப்போது குறைவு. தாத்தா காலத்தில் ஆற்றில் கையால் ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் வரும் என்பார்கள். மேலே காய்ந்திருந்தாலும் மணலுக்குள் ஆறு ஓடும். மணலை அள்ளிய பிறகு ஊற்றும் கீழே இறங்கிவிட்டது.

ஆம்பூருக்கு முன்னால் பாலத்தோரம் நிறுத்திச் சார் ஆவாரை பாக்கியைத் தீர்த்தார். பழைய காலத்தில் எங்கள் ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையில். நாள் கணக்கில் ஊற வேண்டும். அப்புறம் குரோமியம் உப்பு வந்தது, வேலை சீக்கிரம் முடிந்தது, தோலும் மிருதுவானது. குரோமியத்தைப் பற்றிப் பேசாதவர்கள் கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்துக் கிணறுகளைக் கெடுத்ததில் பெரிய பங்கு சாதாரணச் சமையல் உப்புக்கு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டு வைப்பார்கள், முதல் கழுவலில் அது மொத்தமும் தண்ணீரோடு வெளியே வரும். குரோமியத்தையாவது பிரித்தெடுக்கலாம். கரைந்த உப்பைப் பிரிக்கச் சவ்வூடு வடிகட்டியும் கொதிகலனும் வேண்டும், கரண்ட் செலவு எக்கச்சக்கம், கடைசியில் கையில் மிஞ்சுகிற உப்பைக் கொட்ட இடமும் வேண்டும்.

1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும் என்பது நாட்டின் சட்டம் என்று சொன்ன தீர்ப்பு. தோல் ஆலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழ் என்று அதில் இருக்கிறது. சட்டக் கல்லூரிகளில் நாடெங்கும் இதைப் படிக்கிறார்கள். வேலூரில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிற எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

சார், தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கும் டீடிஎஸ் மீட்டரை எடுத்து, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் வைத்தார். குடிதண்ணீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை என்பது இந்தியத் தரக்கட்டுப்பாடு. மீட்டர் காட்டியதை எழுதிக்கொண்டோம். அமிர்தி ஓடையில் எழுதியதோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ரெண்டும் தண்ணீர் என்று சொல்லவே தயக்கமாக இருந்தது. தோட்டக்காரர் "தென்னைக்கு மட்டும்தான் பாய்ச்சறேன், அதுவும் காய் சிறுத்துப்போச்சி" என்றார். பாட்டி வீட்டில் சோப்பு நுரைக்காது என்று நாங்கள் சிரிப்போம். குடிப்பது லாரித் தண்ணீர்தான். எனக்கு இதெல்லாம் புதிது இல்லை. புதிது என்னவென்றால் பஸ்ஸில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்பா ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும்.

"கம்பெனியெல்லாம் மூடிடணும்" என்று குடியாத்தத்துக்காரன் சொன்னான். அப்புறம் என் ஹாஸ்டல் ஃபீஸ் கட்டுவது யார் என்று கேட்டேன். அவன் அப்பா கைத்தறி வைத்திருக்கிறார், லுங்கிக்குச் சாயம் போடுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று ஆற்காட்டுக்காரி கேட்டாள். பஸ்ஸில் சண்டை. சார் நிறுத்தச் சொல்லவில்லை.

வேலூர்ப் பாலத்தைத் தாண்டி வாலாஜா அணைக்கட்டு வரை போனோம். வெள்ளைக்காரன் காலத்தில் 1850களில் கட்டியது, பல்லவர் காலத்துக் காவேரிப்பாக்கம் ஏரிக்கு இங்கிருந்துதான் தண்ணீர் திருப்புகிறார்கள். பசி, வெயில். சரியாகப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஹாஸ்டல் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். "தோல் பதம் போடறது வேற, ஷூ தைக்கிறது வேற பாப்பா. எங்ககிட்ட வரும்போது அது காஞ்ச தோலு" என்றார். கழுவின தண்ணி எங்கே போகுது, கொட்டின உப்பு எங்கே இருக்குது, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை எங்களுக்குக் காட்டுவார்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "எனக்குத் தெரிஞ்ச ஆபரேட்டர் ஒருத்தர் இருக்காரு. ஸ்கூல் லெட்டர்ஹெட்ல எழுதிக் குடுக்கச் சொல்லு, நான் கொண்டு போய்க் குடுக்கறேன்."

சாரிடம் சொன்னேன். கடிதத்தை நானே எழுத வேண்டுமாம், குடியாத்தத்துக்காரனையும் சேர்த்துக்கொண்டு.